தீர்மானப் புத்தகம்

கையெழுத்து அழகாயிருக்கிறதென்று
புத்தகத்தை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.
நீல அட்டை. பக்கத்தின் தலையில் உ போட்டு
கொக்கனேரி மீட்புக் குழு, நான்காவது கூட்டம்,
இடம்: ரேஷன் கடை எதிரில், சமுதாயக் கூடம்.

வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
நாற்காலிகள் நாற்பது.
ஆனால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்,
ஏரிக்கரைக் குடிசைக்காரர்கள், வாசற்படியோரம்.
கணக்கு இடிக்கிறதே என்று
இரண்டு முறை எண்ணினேன்.

வங்கி மேலாளராயிருந்த திருநாவு சார்
சுவரில் படம் காட்டினார்.
வானத்திலிருந்து எடுத்த ஏரி:
தொண்ணூற்றெட்டில் இவ்வளவு,
இப்போது இவ்வளவு.
சேர்வராயன் மலையில் பெய்கிற மழைக்கு
இறங்கி வந்து உட்கார இடமில்லை என்றார்.
நல்ல வாக்கியம். அப்படியே எழுதினேன்.

ஆக்கிரமிப்பு என்ற சொல் ஏழு தடவை வந்தது.
ஏழு தடவையும் தலைகள்
வாசற்படிப் பக்கம் திரும்பின.

மாதம்மாள் அங்கிருந்தபடியே கேட்டாள்:
'படத்துல எங்க ஊடு தெரியுதுங்களா?'
தெரிந்தது. நீலத் தார்ப்பாய், பொட்டுப் பொட்டாய்.
'அதுக்குக் கெழக்கால, பெருசா, வெள்ளையா,
அதென்னங்க?'

மின்விசிறி சுற்றுகிற சத்தம்.
அது கல்யாண மண்டபம்.
நாற்காலி, மைக், தட்டுவடை செட் எல்லாம்
மண்டபத்துக்காரர் உபயம்.
(உபயத்தை முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்,
நன்றியுடன் என்று.)

'ஏரிய நல்லாக்குங்க, நாங்க வேண்டாங்கல.
அந்தத் தண்ணியில காலு வச்சு
எம் பேரனுக்கு முட்டி வரைக்கும் புண்ணு.
ஆனா எங்கள எடுக்கறதுக்கு முன்னால
மேக்க இருந்து வாய்க்கால்ல என்ன வருதுன்னு
ஒருக்கா பாருங்க.
சனிக்கிழமை ராத்திரி நாத்தம் தொண்டையப் புடிக்குது.
ஞாயித்துக்கெழமை மீனு மல்லாக்க மெதக்குது.'

'பட்டறைத் தண்ணி' என்று யாரோ சொன்னார்கள்.
'எந்தப் பட்டறை?'
'பொதுவா, பட்டறைங்க.'

என் பேனா அந்த இடத்தில் நின்றது.

என் விரல் நுனிகள் மஞ்சள்.
மருதாணி இல்லை. சோப்புக்குப் போகாது.
பதினொரு வருடமாக வெள்ளிக் கொலுசை
ஆசிட்டில் முக்கி எடுக்கிற விரல்.
வாரக் கணக்கு முடித்து, முதலாளி கதவைச் சாத்தச் சொன்னதும்
தொட்டியைச் சாய்ப்பது நான்தான்.
சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு மேல்.
தெருவிளக்கு எரியாத பக்கமாக.

பாய்கிற தண்ணீர் எங்கே போகிறதென்று
ஒருநாளும் கூடவே நடந்து பார்த்ததில்லை.
எட்டு நிமிட நடைதான்.

திருநாவு சார் மணி பார்த்தார்.
'நேரமாச்சும்மா,
குடிசைகளை அகற்றக் கோரி மனு,
ஒருமனதாகன்னு போட்டு முடிச்சிடு.'
முந்தைய மூன்று கூட்டத்திலும்
அந்தச் சொல் என் எழுத்தில்தான் இருக்கிறது,
ஒ-வின் சுழி மட்டும் கொஞ்சம் பெரிதாக.

எழுதினேன்.
மாதம்மாள் கேட்டது: மண்டபம் யாருடைய நிலத்தில்?
பதில்: யாரும் சொல்லவில்லை.
மாதம்மாள் கேட்டது: எந்தப் பட்டறை?
பதில்:
முதலாளி பேர், கதவு எண், தெரு.
வாரம் இரண்டு தொட்டி.
சாய்ப்பவர், என்று போட்டு
என் பேரை இனிஷியலோடு எழுதினேன்.

திங்கட்கிழமை வேலை இருக்காது.
சீட்டுப் பணம் நாலு தவணை பாக்கி.
அதெல்லாம் புத்தகத்தில் வராது.

கையெழுத்துப் போட எல்லாரும் வந்தார்கள்.
முக்கால்வாசிப் பேர் படிக்காமல் போட்டார்கள்,
ஒரு கையில் தட்டுவடை.
கடைசியாக மாதம்மாள் உள்ளே வந்தாள்,
என் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்,
எழுத்துக் கூட்டி, உதடு அசைய,
விரலை வரி வரியாக நகர்த்தி
முழுப் பக்கத்தையும் படித்தாள்.
நெடுநேரம் ஆனது.
என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

'ரெண்டு இல்ல, மூணு,' என்றாள்.
'மூணாவது தொட்டி பத்தரை மணிக்கு வரும்.
சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிப்பேன்.'

இரண்டை அடித்து
மூன்று என்று திருத்தினேன்.