பத்தாயிரத்துக்கு

பணிமனையின் இரண்டாம் மாடி.
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்.
திரையில் நாடுகள் நிற்கின்றன
பாடசாலைக் காலைக்கூட்டம் போல, உயரப்படி.

பெயர் தெரிந்த குளிர்நாடொன்று
எல்லாரிலும் நெட்டை.
எங்கள் கோடு
வெட்டி எறிந்த நகத்துண்டளவு.

கொழும்பால் வந்தவர் சிரித்தார்:
"பிறவிக் குறைபாட்டிலே
அவங்களை நாம வென்றிட்டம் போல."
யாரோ கைதட்டப் பார்த்து,
கையில் பிளேன்டீ இருந்ததால் விட்டார்.

எனக்கு இந்தக் கோடுகளைத் தெரியும்.
பதினாறு வருடமாக
இவற்றுக்குத் தீன் போடுகிறவன் நான்.

நெட்டை நாட்டில்
பிள்ளை வயிற்றில் இருக்கையிலேயே
இதயத்தின் நாலு அறைக்குள்ளும்
விளக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள்.
பிறந்து ஒரு வருடம்
கணக்கை மூடுவதில்லை.
பிறக்காமல் போனதற்கும் ஒரு வரி உண்டு.

நாங்கள்
பிறந்த அன்று கண்ணில் பட்டதை எழுதுகிறோம்:
பிளந்த சொண்டு,
உள்ளே மடங்கின பாதம்,
ஆறாம் விரல்.
ஆறாம் விரலையும்
அதிர்ஷ்டம் என்று பொத்தின வீடுண்டு.

அவர்கள் கொத்தால் அளக்கிறார்கள்,
நாங்கள் மரைக்காலால்.
சிந்தினதைக் கூட்டி அள்ளுவதில்லை.
பிறகு இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து
யார் களம் பெரிதென்று கேட்கிறோம்.

படத்தின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி.
எறும்பு எழுத்தில்:
"வரைவிலக்கணம் நாட்டுக்கு நாடு வேறுபடலாம்."
அந்த வரிக்குள்தான்
மண்டூர் இருக்கிறது.

கிருபைராணி மிஸ்ஸியிடம் இரண்டு புத்தகம்.
ஒன்று அரசாங்கத்துடையது.
மற்றது எண்பது பக்கச் சீஆர் கொப்பி,
மழைக்குப் பொலித்தீன் சுற்றினது.
பெட்டிக்குள் அடங்காததெல்லாம் அதில்:

பால் குடிக்கையில் சொண்டு நீலம்.
ரெண்டு நாளைக்குப் பிறகும் நீலம்.
பத்தொன்பதாம் நாள். காத்து. பாதை ஓடேல்லை.
தாய் சுகிர்தமலர். முதல் பிள்ளை.

அரசாங்கப் புத்தகத்தில் அதே பிள்ளை:
இறப்புக் காரணம், புரையேறல்.
பிறவிக் குறைபாடு, இல்லை.
பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.
முப்பத்தோராம் நாள் வைக்க இருந்தது.

நானும் மிஸ்ஸியும்
ஒரு பின்னேரம் முழுக்க அந்தக் கொப்பியை எண்ணினோம்.
மூன்று வருடம், ஒரே ஒரு பிரிவு.
பதினொன்று.
எட்டு என்றா மிஸ்ஸி முதலில்,
பிறகு மூன்று பக்கம் ஒட்டியிருந்ததைப்
பிரித்தெடுத்தோம்.

மேலே கொண்டுபோனேன்.
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"யார் உறுதி செய்தது?
கருவி வைத்துப் பார்த்தோமா, அறுத்துப் பார்த்தோமா?
சந்தேகத்தை எண்ணாக்க ஏலாது, தயாபரன்."
அவர் சொன்னதில் பிழையில்லை.
சங்கடமே அதுதான்.

நகத்துண்டு நகத்துண்டாகவே போயிற்று
கொழும்புக்கு, அங்கிருந்து இன்னும் தூரத்துக்கு.
யாரோ ஒரு மாணவன்
தன் ஆய்வில் எழுதுவான்,
கிழக்கில் குறைவு என்று.
ஏன் என்று யோசித்து
மீனைக் காரணம் சொல்லவும் கூடும்.

இது கார்த்திகை.
சுகிர்தமலருக்கு இப்போது ஆறாம் மாதம்.
மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
வயிற்றுப் பிள்ளையின் இதயம் பார்க்கிற டொக்டர்
வியாழனில் மட்டும் வருவார்.
துண்டில் "அவசரம்" என்று
மிஸ்ஸி இரண்டு தரம் எழுதி
இரண்டு தரமும் அடிக்கோடிட்டிருக்கிறா.

வாவி காலையிலிருந்து கறுத்துக் கிடக்கிறது.
ஜன்னல் கொளுக்கி அடித்துக்கொள்கிறது.
காலாண்டு அறிக்கை கேட்டு
இரண்டு அழைப்பு வந்துவிட்டது.
கடைசி நிரலில் பூச்சியம் போட்டால்
எல்லாம் சரியாகக் கூடும்.
போடவில்லை.
வெறுமையாக விட்டிருக்கிறேன்,
கணினி அதைச் சிவப்பில் காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஒன்பது பத்துக்கு
போன் ஒருதரம் அதிர்ந்தது.
மிஸ்ஸிதான்:

பாதை ஓடுது. ஏறிட்டம்.