இருபது வளைவு, பதினெட்டுக் குழி

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள்.
சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நத்தர்ஷா கடையில்
கோல்ஃப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன்.
"கோலப் புத்தகமா? புள்ளி, சிக்கு, ரங்கோலி,
எது வேணும்?" என்றார்.
மார்கழி. அவர் மேல் தப்பில்லை.

குடையை மட்டையாக வீசிக் காட்டினேன்.
தொங்கிக்கொண்டிருந்த காலண்டர் ஒன்று விழுந்தது.
"ஓ, அதுவா" என்று ஏணியில் ஏறினார்.
தூசியோடு மூன்று இறங்கின.

முதலாவது, தொடங்குபவர்களுக்கு.
இதைக் கொடுத்தால் இன்னாசி
மூன்று நாளைக்குக் கேக்கைத் தொடமாட்டார்.
மாற்றலாகிப் போன எஸ்டேட் மேனேஜர்
விட்டுச்சென்ற ஐந்து மட்டைகளோடு
காப்பிக் களத்துக்கு மேலே, சரிவில்,
பத்தொன்பது வருஷமாக ஆடுகிறவர்.
ஆடுகிறவர் என்றால்
அடிக்கிறவர், பிறகு தேடுகிறவர்.
கண்டெடுப்பது என்னவோ வெள்ளச்சிதான்.
பழம் பறிக்கும் மடியில் போட்டு
சாயங்காலம் கொண்டுவருவாள்.
பந்துக்கு ரெண்டு ரூபாய் என்றிருந்தது, இப்போது ஐந்து.
அவர் தொலைக்காத பந்தும் சிலசமயம் வரும்.
அதற்கும் ஐந்துதான்.

இரண்டாவது, விதிகள்.
வேண்டவே வேண்டாம்.
கேரம் போர்டுக்கே எங்கள் வீட்டில்
அவர் எதிரே யாரும் உட்காருவதில்லை.
சும்மா ஒரு பக்கம் புரட்டினேன்.
பந்து எங்கே கிடக்கிறதோ அங்கேயே,
எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டுமாம்.
பக்கத்தில் பாம்பு இருந்தால் மட்டும் விலக்கு.
கல்யாணமான வருஷம்
யாராவது இதை எனக்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது படப் புத்தகம், பலகை கனம்.
கடலோரப் புல்வெளிகள்.
பாறை இல்லை, சில்வர் ஓக் இல்லை,
மிளகுக்கொடி குறுக்கே வராத பச்சை.
பர்ஸைத் திறந்துவிட்டேன்.
அப்போதுதான் முட்டி நினைவுக்கு வந்தது.
செப்டம்பரில் அறுத்து மாட்டிய புது முட்டி.
ஆறு மாசம் மட்டையைத் தொடக்கூடாது என்று
அவர் முகத்தைப் பார்க்காமல்
எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார் டாக்டர்.
பத்தியச் சோறு சாப்பிடுகிறவருக்கு
பிரியாணிப் படமா?

நத்தர்ஷா மறுபடி ஏறினார், முனகிக்கொண்டே.
நாலாவதுக்கு அட்டை பாதிதான்.
ஓரமெல்லாம் பென்சில். யாரோ ஆடியவர்.
"இடது மணிக்கட்டு, மடையா."
"பொய். செய்து பார்த்துவிட்டேன்."
"மழை. ஏழு பந்து காலி."
"அம்சாவிடம் சொல்லவில்லை."
அறுபத்தோராம் பக்கத்துக்குப் பிறகு
பென்சில் இல்லை.

"கிழிஞ்சது. நூறு கொடுங்க,
கோலப் புத்தகம் ஒண்ணு இனாம்."
கொடுத்தேன்.
இன்னாசிக்கு இந்த வருஷம் வேண்டியது பாடமல்ல,
சண்டை பிடிக்க ஓர் ஆள்.

ஒரு செட் தட்டுவடை தின்றுவிட்டு
ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம்.
அடிவாரம் தாண்டியதும் திறந்தேன்.
ஆட்டத்துக்குப் பதினெட்டுக் குழி,
மலைக்கு இருபது கொண்டை ஊசி.
நாலாம் வளைவில், கால் எப்படி வைப்பது.
எட்டில், கண் எங்கே நிற்பது.
பத்தில் குமட்டியது, மூடினேன்.
பன்னிரண்டில் திறந்தேன்.

'பிடி' என்று ஓர் அத்தியாயம்.
வலது சுண்டுவிரலை
இடது ஆள்காட்டி விரலோடு பின்ன வேண்டும்.
இறுக்காதே என்கிறது அச்சு.
"எப்படி?" என்கிறது பென்சில்.
குடைப்பிடியில் செய்து பார்த்தேன்.
பக்கத்து சீட்டில்
மடிமேல் முட்டைகோஸ் பை வைத்திருந்த அம்மா
"கை பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார்.

பதினேழாம் வளைவில் பனி.
அறுபத்திரண்டாம் பக்கம்.
வெறும் ஓரம்.
பால் கணக்கு எழுதும் பென்சில் பையில் இருந்தது.
பஸ் திரும்பியதில் எழுத்து கோணிவிட்டது:
"இறுக்காமல் பிடித்தால் குடை பறக்கிறது.
வேறு வழி சொல்லவும்."

என் கையெழுத்து அவருக்குத் தெரியும்,
முப்பது வருஷ மளிகைச் சீட்டு.
தெரியாதவர்போல் பதில் எழுதட்டும்.

ஏரிக்கரையில் இறங்கினேன். நல்ல குளிர்.
கோலப் புத்தகம்
பஸ்ஸிலேயே போய்விட்டது.