நாளைக்கு நினைவூட்டு

இரவு ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸில் பஸ் ஏறியதும்
கைப்பேசி கேட்கிறது: புதுப்பிக்கட்டுமா?
'நாளைக்கு நினைவூட்டு' என்று தட்டுகிறேன்.
நாலு மாதமாய் இதே நாளைதான்.

கணினியோடு எனக்குப் பகை என்று எண்ண வேண்டாம்.
பதினாலு வயதில் கொம்தாரில்
பழைய மதர்போர்டு ஒன்றை
முப்பது வெள்ளிக்குப் பேரம் பேசி
மீன் வாங்கியவள் மாதிரி
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோனவள் நான்.
அன்றிரவு விசிறி சுழன்ற அந்தச் சத்தத்துக்காக
இன்றைக்கும் எதையும் மன்னிப்பேன்,
பிரிண்டரைத் தவிர.
நம் அவசரத்தை அது மோப்பம் பிடிக்கும்.

மேகம் என்கிறார்கள். மேகமாம்!
ஜொகூரில் எங்கோ குளிரூட்டிய கொட்டகை.
தங்கை கல்யாணப் படங்களுக்கு
மாத வாடகை ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
கட்டாமல் விட்டால்
மாப்பிள்ளையே காணாமல் போவார்.

பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியவன்
என் கண்ணில் படக்கூடாது.
திருகாணி ஒரு மரியாதை.
'வேண்டுமானால் திறந்து பார்' என்று
பொருள் நம்மிடம் சொல்லும் மரியாதை.

குரல் உதவியாளினிக்கு மூன்று மொழி தெரியுமாம்.
தெரியும், தனித்தனியாக.
'அண்ணே, தே ஓ ஒன்னு புங்குஸ், சீனி கொறச்சு'
என்று சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு வழி காட்டினாள்.

இடியப்பம் விற்கும் ஜைனுலாப்தீன் அண்ணன்
க்யூஆர் அட்டையை மோட்டார் சைக்கிளில் கட்டியிருக்கிறார்,
ஒரு மூலை மழையில் ஊறிப் பிரிந்திருக்கும்.
பணம் வந்ததா என்று பார்ப்பதே இல்லை.
திரையைக் காட்டினால் 'போ போ' என்பார்.
என்கிரிப்ஷன் பற்றி மூன்று மணி நேரம் பேசுவேன் நான்.
அந்தப் 'போ போ'வை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

இதெல்லாம் பஸ்ஸில் பேசுகிற பேச்சு.

மார்ச்சில் எங்கள் லைனுக்குக் கேமரா வந்தது.
சில்லில் இருக்கும் கீறலைத் தானே பார்க்கும்.
அதற்குப் பழக்கிக் கொடுத்தவள் நான்.
நாற்பதாயிரம் படங்கள்.
நல்லது, கெட்டது, நல்லது, நல்லது.
அந்தத் தீர்ப்புகள் என்னுடையவை மட்டுமில்லை.
நோர்ஹயாத்தி, பூங்குழலி, சியூ லான்
ஒன்பது வருஷம் நுண்ணோக்கியில் குனிந்த கழுத்து
அதற்குள் இருக்கிறது.

தவறு செய்யும் என்று காத்திருந்தேன்.
செய்யவில்லை.
சியூ லான் விட்டுவிட்ட மயிரிழைக் கீறல் ஒன்றை
மூன்றாம் நாளே பிடித்தது.
கைதட்டினேன். மனசாரத்தான்.
தட்டி முடித்தபின் அவளைப் பார்த்தேன்.
முகமூடிக்கு மேலே கண் மட்டும்.

சியூ லான் இப்போது பேக்கிங்கில்.
நோர்ஹயாத்தி கெடாவுக்கே போய்விட்டாள்.
பூங்குழலி வாடகைக் கார் ஓட்டுகிறாள்,
செயலி அவளுக்கு நாலு புள்ளி ஏழு நட்சத்திரம் போட்டிருக்கிறது.
அவள் கைப்பேசிக்குள் எங்கள் சில்லு இருக்கலாம்.
தெரியாது.
எங்கே போகிறதென்று வாங்குகிறவன் சொல்வதில்லை.
செவித்துணைக் கருவியோ, ஏவுகணையோ,
துணி துவைக்கும் இயந்திரமோ,
டிரேயில் எல்லாம் ஒரே கறுப்பு.

ஏஐ வந்தால் என்னாகும் என்று
மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறான்.
வந்துவிட்டது மச்சான்.
ஒரு செவ்வாய்க்கிழமை, மரப்பெட்டியில்,
'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி போட்டு.
ஆணியைப் பிடுங்கியது நான்தான்.

குளுகோர் தாண்டுகிறது பஸ்.
பாலத்தின் மேல் வெளிச்சம் ஏறுகிறது.
கைப்பேசி மறுபடி கேட்கிறது.
புதிதாய் என்ன இருக்கும் என்ற அரிப்பு
இன்னும் விடவில்லை எனக்கு.

தட்டிவிட்டேன்.
திரை கறுத்து, நடுவில் ஒரு கோடு
மெல்ல ஊர்கிறது.
ஆயர் ஈத்தாம் வரும்வரை
மணி பார்க்கக்கூட வழியில்லை.