கூடைக் கழிவு

ஜெஸிமா சாவியை நீட்டினாள்:
ஒரு வாரம் ஓட்டிப் பார்,
பிடித்தால் முப்பத்து நாலாயிரம்,
பிடிக்காவிட்டால் சாவி.

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
தராசு பார்க்கிறவள் நான்.
எதையும் கூடையோடு நிறுத்து
கூடையைக் கழித்துத்தான் எழுதுவேன்.

திங்கட்கிழமை
தங்கச்சிமடம் தாண்டும் முன்பே ஆடுகள்.
நகரவில்லை.
சத்தமே போடாத வண்டிக்கு
ஆடு எதற்கு வழிவிட வேண்டும்?
ஹாரன் ஒரு கொசு அளவு.
இறங்கி, விலக்கி, மறுபடி ஏறினேன்.

பாலத்தின் நடுவில் கச்சான் பிடித்துக்கொண்டது.
வாசற்படியில் ஒற்றை ஆளாய்த் தூக்கி ஏற்றி
முந்தின இரவு நான் மெச்சிய அதே லேசு
இப்போது என்னைக்
கைப்பிடிச் சுவர் பக்கமாக நகர்த்தியது.
மீன் ஏற்ற வந்த லாரிக்காரன் ஒருவன்
வேகத்தைக் குறைத்து
காற்று வரும் பக்கமாக என்னோடே வந்தான்,
கரை ஏறும் வரை.
இதை எந்தக் கணக்கில் எழுத?

அறுபது கிலோமீட்டர் ஓடும் என்றாள் ஜெஸிமா.
எதிர்க்காற்றில் அது முப்பத்தெட்டு.
போக பதின்மூன்று, வர பதின்மூன்று,
மிச்சம் பன்னிரண்டில்
ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு பூசை, ஒரு மருந்துக்கடை.
போதும்தான்.
ஆனால் ராத்திரி கரண்டு போனால்
காலையில் நானும் போக முடியாது.

சார்ஜ் போடும் வாயில்
நாலே நாளில் பச்சைக் களிம்பு.
உப்புக்கு இரும்பென்றும் செம்பென்றும் பேதமில்லை.
தேங்காய் எண்ணெய் தடவினேன்.
தடவலாமா என்று யாரைக் கேட்பது?
பாம்பனில் படகு எஞ்சின் பார்க்கும் சவேரி
சாவியைத் திருப்பிக் காதை வைத்தான்,
'உயிர் இல்லையே அக்கா' என்றான்.
ஓடிக்கொண்டுதான் இருந்தது சக்கரம்.
இது தெரிந்தவர்கள் ராமநாதபுரத்தில்.
நின்றுபோனால்
வண்டியை ஒரு வண்டியில் ஏற்றிப் போக வேண்டும்.

பேட்டரிக்கு இன்னும் இரண்டு வருஷம்,
பிறகு இருபத்திரண்டாயிரம்.
பெட்ரோல் வண்டி தினம் கொஞ்சம் தின்னும்.
இது விரதம் இருந்து
ஒரே நாளில் பானையைக் கவிழ்க்கும்.

பாஸ்கால் வலையிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
'உனக்குத்தான் பஸ் இலவசமாச்சே?'

ஆமாம். இலவசத்தை எந்தக் கணக்கு ஜெயிக்கும்?

எட்டு மணி நேரம் நண்டோடு நின்ற வாசம்
சோப்புக்கு அடங்கும், போகாது.
எலுமிச்சம்பழம் தேய்த்தால்
எலுமிச்சம்பழமும் நண்டுமாக மணக்கும்.
பஸ்ஸில் நான் உட்கார்ந்ததும்
பக்கத்து இருக்கை காலியாகும்.
யாரும் எதுவும் சொன்னதில்லை.
முந்தானை மூக்குக்குப் போகும்,
இருமல் வராத தொண்டையிலிருந்து
ஓர் இருமல் வரும்.
பதினொரு வருஷமாக.
அதைக் கழித்துத்தானே
இலவசத்தை எழுத வேண்டும்?

பாஸ்காலிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் மேலும் மீன் வாசம்தான்,
ஆனால் ஆண்பிள்ளைக்கு அது தொழில்.

வெள்ளிக்கிழமை திரும்பி வருகையில்
கச்சான் முதுகுப் பக்கம்.
காற்றும் நானும் ஒரே வேகத்தில் போனதில்
காதோர இரைச்சல் சட்டென்று அறுந்தது.
எஞ்சினும் இல்லை, காற்றும் இல்லை.
கீழே தண்ணீர்
தூண்களில் புரள்வது கேட்டது.
பதினொரு வருஷம் கடந்த பாலத்தில்
அன்றுதான் கேட்டது.
அலசிப் போகக் காற்று இல்லாததால்
என் வாசமும் என்னோடே வந்தது.
வரட்டும் என்று விட்டேன்.
பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

சனிக்கிழமை முப்பதுக்குக் கேட்டேன்.
ஹாரன், களிம்பு, கச்சான் என்று விரல் மடக்கினேன்.
'கச்சானுக்கும் நானா தள்ளுபடி தரணும்?' என்றாள்.
முப்பத்திரண்டரையில் முடிந்தது,
இரண்டு தவணை.

திங்கட்கிழமை காலை அதே ஆடுகள்,
அதே நடுரோட்டில் அசைபோட்டு.
கொசுவை அடித்துப் பார்த்தேன், அசையவில்லை.
முந்தானையை மூக்கில் வைத்து
ஒரு இருமல் இருமினேன்.

எல்லாம் எழுந்து ஒதுங்கிக்கொண்டன.