எழுபது சதவீதத் தள்ளுபடியில் ஒரு குளிர்காலம்

லாஃப்லின், நெவாடா. ஜூலை.
வங்கி வாசல் பலகை நூற்றுப் பதினெட்டு என்கிறது.
ஃபாரன்ஹீட்தான். எந்தக் கணக்கில் சொன்னாலும்
மண்டையைப் பிளக்கிற வெயில்.

பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து விடிவதற்குள் கிளம்பி வந்தோம்,
நானும் வெர்னாவும்.
அறை வாடகை இருபத்தொன்பது டாலர்.
இந்த மாதத்தில் இங்கே யார் வருவார்கள்,
எங்களைப் போலக் கணக்குப் பார்ப்பவர்களைத் தவிர?

சூதாட்டக் கூடத்திலிருந்து அங்காடிக்கு
ஒரே ஒரு சாலையைக் கடந்தால் போதும்.
பச்சை விளக்குக்குக் காத்து நின்றதில்
என் செருப்பு தாரோடு சம்பந்தம் பேசத் தொடங்கிவிட்டது.
கதவுப் பிடியைத் தொட்டு
கையை உதறிய வெர்னா
கதவைத் திட்டினாள்.
பிறகு என்னை.

முப்பத்தொரு வருடமாக
ஏசி பழுதுபார்க்கிறவன் நான்.
எனக்கு ஜூலையில் விடுமுறை என்பது
முகூர்த்த நாளில் சமையல்காரன் ஊருக்குப் போன மாதிரி.
கைபேசியை அணைத்து
அறையில் ஒரு காலுறைக்குள் திணித்துவிட்டு வந்தேன்.
காதை எங்கே திணிப்பது?
விடுதிக் கூரைமேல் நான்கு கம்ப்ரெஸர்கள்.
மூன்றாவதற்கு பேரிங் போகப்போகிறது.
என் வேலையில்லை, என் வேலையில்லை
என்று முணுமுணுத்துக்கொண்டே
ஆறு ஜோடி காலுறை வாங்கினேன்.

பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன.
கண்ணாடிக்குப் பின்னால் துணியில்லாத பொம்மைகள்.
அவற்றுக்கு வேர்க்கவில்லை.

கடைசிக் கடையின் கடைசி மூலையில்
ஒரு கம்பளிக் கோட்டைக் கண்டெடுத்தாள் வெர்னா.
கருநீலம், முழங்காலுக்குக் கீழே இறங்குவது,
எலும்புப் பொத்தான்கள்.
"இதை எப்போது போடப்போகிறாய்?"
"போடுவதற்கா வாங்குகிறேன்?
நூற்று நாற்பது டாலர் மிச்சம், பார்."
காலையில் ஒரு சென்ட் இயந்திரத்தில்
எருமைகள் வரிசையாக வந்து நின்று
அறுபத்திரண்டு டாலர் கொடுத்திருந்தன.
கோட்டு அறுபது.
வரிக்கென்று என்னிடம் மூன்று டாலர் பிடுங்கிக்கொண்டாள்.
கல்லாவில் இருந்த ஷவானா
மார்ச்சிலிருந்து அதைத் தினமும் தூக்கி மாட்டுகிறாளாம்.
"புண்ணியமாகப் போகும், கொண்டுபோங்கள்."

செம்மறியாடு ஒன்றைச் சுமப்பதுபோல்
ஆற்றோரமாகச் சுமந்து வந்தேன்.
அணையின் அடிவயிற்றிலிருந்து வருவதால்
ஆறு மட்டும் ஜில்லென்றிருந்தது.
படகுத்துறைத் தூணடியில் பருத்த கெண்டைகள்
வாயைத் திறந்து திறந்து மூடின.
என்னிடம் ஏதோ பாக்கி இருப்பதுபோல.

நாலரைக்கே சாப்பாட்டு வரிசையில் நின்றோம்.
இரண்டு பேருக்கு ஒருவர் விலை,
கூப்பன் இன்றோடு காலாவதி.
எங்களை உட்கார வைத்தது
குளிர்க்காற்றுத் துளைக்கு நேர்க்கீழே.
என் முன்கை மயிர் படித்துச் சொன்னது:
அறுபதுக்கும் கீழ்.
ஐஸ்மேல் கிடந்த நண்டுக் கால்கள்
என்னைவிடச் சௌகரியமாக இருந்தன.

வெர்னா ஒன்றும் பேசவில்லை.
பையைப் பிரித்தாள். கோட்டை மாட்டினாள்.
கழுத்துவரை பொத்தான் போட்டாள்.
விலைச்சீட்டு மணிக்கட்டில் ஆட
நண்டை உடைத்தாள்.

அடுத்த மேசைக் கிழவர் துடைக்கும் துணியைத்
தோளில் போட்டுக்கொண்டு பார்த்தார்.
கிங்மனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள்
எந்தக் கடை என்று விசாரித்தாள்.
அரைக்கால் சட்டையில் நான்
காப்பிக் கோப்பையை இரு கையாலும் பிடித்து
மானம் காத்துக்கொண்டிருந்தேன்.

தட்டெடுக்க வந்த நெரிஸா
கோட்டின் கையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
ஒன்பது வருடமாக இங்கே வேலை.
"இடைவேளையில் பின்பக்கம் போய்
சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பேன்.
ஐந்து நிமிடம். அதற்குமேல் நின்றால்
மயக்கம் வந்துவிடும்."

அப்போது மேலே
ஒரு கீறல், ஒரு முனகல்,
பிறகு எதுவுமில்லை.
மூன்றாவது.

வெர்னா நண்டிலிருந்து தலையைத் தூக்காமலே
"உட்கார்" என்றாள்.
நான் எழுந்திருக்கவேயில்லை.
கால் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான்.

மெல்ல மெல்ல என் கை மயிர் படிந்தது.
வெர்னா மேல் பொத்தானைக் கழற்றினாள்.
நெரிஸா கூரையைப் பார்த்து
"அப்பாடா" என்றாள்.