அரைப்படி வெளிச்சம்

“கரிச்சான் ஒண்ணு வெள்ளையா இருக்குண்ணே.”
போனில் சொன்னவன் குழந்தைவேலு,
ஆத்தூரிலிருந்து அறுவடை மிஷினோடு வந்தவன்.
நெல்லுக்குள் அடைந்து கிடக்கும் பூச்சியெல்லாம்
அவன் பெல்ட் சத்தத்துக்கு எழும்பும்.
பின்னாலேயே ஒரு கூட்டம் கரிச்சான்.
அதில் ஒன்று
சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து எழுந்ததுபோல.

நான் கல்யாணம் எடுக்கிறவன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு
நாலு கடை தள்ளி ஸ்டூடியோ.
கேட் மூடினால்தான் என் போர்டை யாராவது படிப்பார்கள்.
பறவைக்கென்று லென்ஸ் கிடையாது.
மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து
தாலி முடிச்சை எட்டிப் பிடிக்க வாங்கியது,
இன்னும் ஏழு தவணை பாக்கி.

ஒளிமதி வயல். தை மாதப் பனி.
அறுத்த தாளுக்கு நடுவே
இரண்டு இலை விட்ட உளுந்து.
மோட்டார் கொட்டகைக் கம்பியில்
தன் பெயருக்கே ஒத்துவராமல் உட்கார்ந்திருந்தது.
வால் மட்டும் மறக்காமல் இரண்டாய்ப் பிரிந்திருந்தது.

முதல் நாள் அறுபத்து மூன்று படம்.
வயல் இருந்தது, கம்பி இருந்தது,
பறவை இருந்த இடத்தில்
பறவை அளவுக்கு ஓர் ஓட்டை.
சுற்றியிருந்த இருட்டைப் பார்த்து இரக்கப்பட்டு
கேமரா வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருந்தது.

இரண்டாம் நாள் கேட்டில் சரக்கு ரயில்.
நான் போவதற்குள்
மிஷின் சித்தமல்லிக்கு நகர்ந்துவிட்டது,
பூச்சியும் பறவையும் கூடவே.

மூன்றாம் நாள்
வெளிச்சத்தில் ஒரு படி குறைத்தேன்.
இன்னும் அரைப்படி.
நெல் கறுத்தது. வானம் ஈயமானது.
அப்போதுதான் இறகு இறகாக வந்தது.
வெள்ளையே இல்லை அது.
இறக்கைக்கு அடியில் ஆறிய டீயின் நிறம்,
வயிற்றில் போன வருஷத்து வைக்கோல்.
கண் மற்ற கரிச்சானுக்கு இருப்பதுபோலவே
அடர் சிவப்பு.
இடது தோளில் ஒரே ஓர் இறகு
கன்னங்கரேலென்று.

காக்கை ஒன்று கொட்டகைப் பக்கம் வந்தது.
கூட்டத்தில் முதலில் பாய்ந்தது இதுதான்,
முதுகில் கொத்தி வாய்க்கால் தாண்டி விரட்டிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து
அலகைக் கம்பியில் தீட்டிக்கொண்டது.
அந்தப் படம் ஆடிவிட்டது.
காக்கை மட்டும் தெளிவு.

சாயங்காலம் செங்கொடியின் ஆல்பம் வேலை.
தாய்மாமன் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்:
“ரெண்டு சுத்து கூட்டியே வெளுத்து விடுங்க தம்பி,
மாப்பிள்ள வீடு பாக்கும்ல.”
பதினோரு வருஷமாகத் தள்ளும் பட்டன் அது,
பார்க்காமலே வலப்பக்கம் போகும் கை.

செங்கொடியே வந்திருந்தாள்,
மருதாணி முக்கால்வாசி போன விரல்களோடு.
அவள் முகம் ஒரு திரையில்,
பறவை பக்கத்துத் திரையில்.
வெகுநேரம் பறவையையே பார்த்தாள்.

“இதையும் வெளுத்திட்டீங்களாண்ணே?”

இல்லை, அது பிறந்ததே அப்படி என்றேன்.
நம்பினாளா தெரியவில்லை.
கிட்டே குனிந்து
தோளில் இருந்த அந்தக் கறுப்பின் மேல்
விரலை வைத்தாள்.

“அப்ப இத ஏன் விட்டுட்டீங்க?”

கேட் மணி அடித்தது.
வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாய் எஞ்சினை நிறுத்தின.
யாரோ என் போர்டை
எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது.
கை அந்தப் பட்டன் மேலேயே இருந்தது.