பாதி தலைக்கு, பாதி காற்றுக்கு

உம்பிலோ சாலையில்
டயர் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே
ஒயின் சாமான் கடை.
கதவைத் தள்ளியதும் மால்ட் வாசம்,
குதிரைக் கொட்டிலில் யாரோ ரொட்டி சுட்டதுபோல.

"என்ன பழம்?" என்றார் வெர்மாக்.
லிச்சி.
சாட்ஸ்வர்த் வீட்டுக் கொல்லையில் ஒரே மரம்.
குரங்குகள் தின்றது போக,
அடுத்த வீட்டுப் புஷ்பலோகினி
கேட்காமல் பறித்தது போக
இரண்டு வாளி.

ஈஸ்ட் ஒரு பொட்டலம். ரப்பர் மூடி.
அஞ்சு லிட்டர் ஜாடியில் கீறல்;
முணுமுணுக்காமல் மாற்றித் தந்தார்.

பிறகு அந்தக் கண்ணாடிக் குச்சி.
சாற்றில் மிதக்கவிட்டால்
எவ்வளவு சர்க்கரை என்று நிமிர்ந்து சொல்லுமாம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காலை ஏழு முதல் கிளினிக்கில்
விரல் விரலாய்க் குத்தி
இதைத்தானே பார்க்கிறேன்!

"கடைசியில் எல்லாச் சர்க்கரையும் போய்விடுமா?"
"பொறுத்தால் போகும்.
அவசரக்காரர்களுக்குத்தான் இனிப்பு."
"போனது எங்கே போகும்?"
"பாதி தலைக்கு," என்றார், "பாதி காற்றுக்கு."

நாலு வருஷமாய் சாகரன்
அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.
உரித்து உரித்து எங்களுக்குத் தருவான்.
விரலைக் குழாயில் கழுவுவான்,
நக்கமாட்டான்.

நானூற்றுப் பன்னிரண்டு ராண்ட்.
குச்சியைச் செய்தித்தாளில் சுற்றிக்
கைப்பையில் வைத்தேன்,
அவனுடைய சோதனைப் பட்டைகளுக்குப் பக்கத்தில்.

மார்ச்சில், ஒரு மூடி அளவு.
அளந்துதான்.

டாக்ஸியில் யாரோ இடித்தபோது
பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.
"என்னக்கா, முட்டையா?" என்றான் கதவுப் பையன்.